தொட்டியைக் கலக்கி மொண்ட தண்ணீர்

நீலகிரியின் பந்தலூரில் எங்கள் வீடு சாலையிலிருந்து 62 படி மேலே இருக்கிறது. சின்ன வயதில் தம்பி அதை ஒரே மூச்சில் ஓடி ஏறுவான். 2022 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய அன்று பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்தான். ஜீப் டிரைவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். தம்பி கையில் ஒரு ஃபைல் மட்டும் இருந்தது. அதை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன், கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த ஃபைலை விரித்தான். நூற்றுக்கும் மேல் தாள்கள். அதில் ஒரே ஒரு தாளை மட்டும் தனியாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். உடம்பில் எந்த உலோகம் எவ்வளவு என்று பார்த்த சோதனை ரிப்போர்ட் அது. இடது பக்கம் 20 உலோகங்களின் பெயர்கள், வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பச்சையில் தொடங்கி மஞ்சளுக்குப் போய் சிவப்பில் முடியும் பட்டை. பெரும்பாலானவை பச்சைக்குள்ளேயே நின்றிருந்தன. ஈயத்தின் கோடு மட்டும் சிவப்பைத் தாண்டி தாளின் ஓரம் வரை நீண்டிருந்தது. 13 என்று எண். இருக்க வேண்டியது 2-க்குக் கீழே. பாதரசம் 7, அதற்கு எல்லை 4. கடோலினியம் என்று நம் ஊரில் யாரும் உச்சரித்துக்கூடப் பார்த்திராத ஒன்றும் சிவப்பில் இருந்தது.

"அக்கா, இதுதான் என்னை உள்ளேயிருந்து அரிக்குது. இதை எடுக்காம நான் எந்திரிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க" என்றான்.

நான் 19 வருடமாக லேப் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, பிரிப்பது, லேபிள் ஒட்டுவது, ரிப்போர்ட் அடிப்பது என்று ஓடும் வேலை. கூடலூர், எருமாடு, அய்யன்கொல்லி, அந்தப் பக்கம் சுல்தான் பத்தேரி என்று எல்லா இடத்திலிருந்தும் எங்கள் கூடத்துக்கு ஆட்கள் வருவார்கள். தமிழும் மலையாளமும் கலந்துதான் காலை முழுவதும் பேச்சு. இத்தனை வருடத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன். ரிப்போர்ட்டில் எண்ணைப் படிப்பவர்கள் குறைவு. பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்று இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தம்பி இரண்டு வருடமாக அந்தச் சிவப்போடு தூங்கி எழுந்திருக்கிறான்.

அவன் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூனில், கனெக்டிகட் மாநிலத்தில் வேலை பார்த்தபோது, நண்பர்களோடு காட்டுக்குள் நடக்கப் போயிருக்கிறான். ஒரு வாரம் கழித்து தொடைக்குப் பின்னால் ஒரு சிவப்புத் திட்டு. வலியில்லை, அரிப்பில்லை, கண்ணுக்கும் எட்டாத இடம், விட்டுவிட்டான். மூன்று மாதத்தில் வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. லைம் நோய் என்றார்கள். அதே மாநிலத்தில் லைம் என்ற ஊரைச் சுற்றி 1975 வாக்கில் குழந்தைகளுக்கு வரிசையாக மூட்டு வீக்கம் வந்ததைத் தேடிப் போய்த்தான் இந்த நோயையே கண்டுபிடித்தார்கள். பேரும் அந்த ஊர்ப் பேர்தான். மான் உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகிற திருகு வடிவக் கிருமி காரணம் என்பது 1982-ல் தெரியவந்தது. வில்லி பர்க்டார்ஃபர் என்பவர் உண்ணியின் வயிற்றுக்குள் அதைப் பார்த்தார். அவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், போரேலியா பர்க்டார்ஃபெரி.

இங்கே எங்கள் பக்கம் உண்ணி என்று சொன்னதும் எல்லோருக்கும் குரங்குக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். 1957-ல் சிவமொக்காவின் கியாசனூர் காட்டில் முதலில் கண்டார்கள், அப்புறம் வயநாடு வரைக்கும் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வது இன்னொன்று, ஸ்க்ரப் டைபஸ். லைம் இந்த இரண்டும் இல்லை. வயநாட்டிலும் அது பதிவாகியிருக்கிறது. நாகரஹொளே, பந்திப்பூர் காட்டு ஊழியர்களின் ரத்தத்தில் அதன் எதிர்ப்பணுக்களும் கிடைத்திருக்கின்றன. அதனால் 'அது வெள்ளைக்காரன் நோய்' என்று ஒதுக்கிவிடாதீர்கள் என்று எங்கள் லேபுக்கு வரும் தோட்டத்து ஆட்களிடம் இப்போது சொல்கிறேன். கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகப் பரவுகிற திட்டு தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

தம்பிக்கு 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. அசதி மட்டும் போகவில்லை. தலைக்குள் மூட்டம் போட்ட மாதிரி இருக்கிறது, படித்த வரி நிற்கமாட்டேன் என்கிறது, இரவு தூக்கம் உடைந்து உடைந்து வருகிறது என்பான். மருந்து முடிந்த பிறகும் லைம் நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இப்படி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நீள்வது உண்மைதான். அதற்கு மருத்துவத்தில் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் பார்த்த டாக்டர்களில் ஒருவர் "எல்லாம் உன் மனசுதான்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாக்கியம்தான் அவனை வேறு வாசலுக்குத் தள்ளியது என்று நான் நம்புகிறேன். நாள்பட்ட லைம் என்று பலகை மாட்டிய ஒரு கிளினிக் அவனை ஒன்றரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டது. அவன் அழுதிருக்கிறான். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதை எல்லாம் செய்தான்.

அங்கே மறுபடியும் மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். இந்த வழியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2001-ல் வெளிவந்த ஆய்வில் 30 நாள் ஊசி, 60 நாள் மாத்திரை கொடுத்தும் மருந்தே இல்லாத போலி ஊசி, மாத்திரை பெற்றவர்களைவிடப் பலன் தெரியவில்லை. நெதர்லாந்தில் 280 பேரை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்விலும், முதல் இரண்டு வார ஊசிக்கு மேல் 12 வாரம் கூடுதலாகக் கொடுத்ததால் எதுவும் மாறவில்லை. தம்பிக்கும் மாறவில்லை. அப்போதுதான் அந்த கிளினிக்கில் அடுத்த விளக்கம் வந்தது. உடம்பில் கன உலோகம் தேங்கியிருக்கிறது, அது எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிறது, கிருமி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, முதலில் உலோகத்தை இறக்க வேண்டும் என்று. கேட்க ஒழுங்காக இருக்கிறது. நோவில் கிடப்பவனுக்கு ஒரு காரணம் கிடைப்பதே பாதி நிம்மதி. சோதனை எடுத்தார்கள், சிவப்பு வந்தது.

சரி, அந்தத் தாளுக்கு வருவோம். மறுநாள் காலை வெளிச்சத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். எங்கள் வேலையில் எண்ணுக்கு முன்னால் மூன்று விஷயம் பார்ப்போம்: என்ன சாம்பிள், எப்படி எடுத்தது, எதோடு ஒப்பிட்டது. தாளின் மேல்மூலையில் சின்னதாக ஒரு கட்டம். சாம்பிள் சிறுநீர், 6 மணி நேரம் சேகரித்தது. அதற்குக் கீழே 'தூண்டலுக்குப் பின்' என்று ஆங்கிலத்தில் ஒரு டிக். தூண்டிய மருந்து டிஎம்எஸ்ஏ. தாளின் அடியில், எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் ஒரு வரி. இந்த ரிப்போர்ட்டின் எல்லை அளவுகள் தூண்டல் மருந்து எதுவும் எடுக்காத ஆரோக்கியமான மக்களிடமிருந்து பெறப்பட்டவை என்று.

அந்த வரியை நான் நாலு முறை படித்தேன். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டு விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு வருடம் அந்தத் தாளை வைத்திருந்தும் அவன் அந்த வரியைப் பார்த்ததில்லை.

டிஎம்எஸ்ஏ என்பது உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் இழுத்துவரும் மருந்து. ஈய நச்சு ஏறிய குழந்தைகளுக்குக் கொடுப்பது. இன்றைக்கு உயிரோடு இருக்கும் எல்லோர் உடம்பிலும் கொஞ்சம் ஈயம் உண்டு. நம் நாட்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ல்தான் நின்றது. அதற்கு முன்னால் பஸ் புகையைச் சுவாசித்தவர்கள் எலும்பில் அது இன்னும் மிச்சம் இருக்கும். ஈயம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும், எலும்பிலிருந்து இறங்க பல வருடம். இந்த மருந்தை விழுங்கிய யாருக்கும் அடுத்த சில மணி நேரம் சிறுநீரில் ஈயமும் பாதரசமும் எகிறத்தான் செய்யும். எனக்குக் கொடுத்தாலும் எகிறும், ஜீப் டிரைவருக்குக் கொடுத்தாலும் எகிறும்.

தம்பிக்கு நான் வீட்டுத் தொட்டியைக் காட்டிச் சொன்னேன். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் வந்து விழுகிற சிமெண்ட் தொட்டி, அடியில் எப்போதும் ஒரு விரல்கடை வண்டல் இருக்கும். ஒரு குச்சியை விட்டுக் கலக்கிவிட்டு ஒரு சொம்பு மொண்டு, பக்கத்து வீட்டுக் கலக்காத தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து 'பார், உன் தண்ணீர் எவ்வளவு அழுக்கு' என்றால் என்ன நியாயம்? கலக்கினால் இரண்டையும் கலக்க வேண்டும். அப்படிக் கலக்கி எடுத்த சிறுநீருக்கு ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட எல்லை அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவின் மருத்துவ நச்சியல் கல்லூரி, அந்தத் துறை டாக்டர்களின் சங்கம், இப்படித் தூண்டிவிட்டு எடுக்கும் சோதனை அறிவியல்படி நிலைநாட்டப்படாதது, தீங்கும் செய்யலாம் என்று பல வருடத்துக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது.

கடோலினியம் சமாச்சாரம் இன்னும் எளிது. சோதனைக்கு இரண்டு மாதம் முன்னால் அவனுக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்திருந்தார்கள், கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு. அந்த ஊசி மருந்தே கடோலினியம்தான். அதில் பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறினாலும் துளி அளவு உடம்பில் வெகுநாள் தங்கும். அதனால்தான் எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் போட்டு 4 நாளாவது கழியாமல் உலோகச் சோதனைக்குச் சாம்பிள் கொடுக்கக் கூடாது என்று பெரிய லேப்கள் சொல்கின்றன. மற்ற உலோகங்களின் அளவையும் அது குழப்பிவிடும். இதை அவனிடம் யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரும்பாலும் இந்த எல்லை அளவு என்பது, நலமாக இருக்கும் மக்களில் 100-க்கு 95 பேர் எதற்குக் கீழே இருக்கிறார்களோ அந்தக் கோடு. மிச்சம் 5 பேருக்கு நோய் என்று அர்த்தம் ஆகாது. ஒரே தாளில் 20 உலோகத்தைச் சோதித்தால், எந்த நோயும் இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்றாவது கோட்டைத் தாண்டும் வாய்ப்பு, ஒவ்வொன்றும் தனித்தனி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100-க்கு 64. தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதைப் பெருக்கிக் காட்டினேன். தம்பி என்ஜினியர், என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டான். புரிந்த பிறகு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்த எனக்கு அது எதிர்பாராதது. "அப்போ எனக்கு என்னதான்கா?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

ஃபைலில் முடி சோதனை ரிப்போர்ட் ஒன்றும் கிடந்தது. அதைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. ஒரே ஆளின் தலைமுடியைப் பிரித்து அமெரிக்காவின் 6 வணிக லேப்களுக்கு அனுப்பிய ஆய்வு 2001-ல் வந்தது. பல தாதுக்களில் ஒரு லேபுக்கும் இன்னொரு லேபுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஷாம்பூவும் குளிக்கிற தண்ணீரும்கூட முடியில் ஏறிக்கொள்ளும்.

தாளை வெறுமனே குறை சொன்னால் பயம் போகாது என்று தெரிந்ததால், ஒழுங்காக நாமே எடுத்துப் பார்ப்போம் என்றேன். ரத்தத்தில் ஈயம், பாதரசம். தூண்டல் எதுவும் இல்லாமல் சிறுநீரில் ஆர்சனிக், பாதரசம். எங்கள் கூடத்தில் சாம்பிள் எடுத்து நகரத்துப் பெரிய லேபுக்கு அனுப்பவேண்டும். இதற்கு சாதாரண டியூப் ஆகாது. உலோகச் சுவடு இல்லாதது என்று உறுதி செய்த கருநீல மூடி டியூப் வேண்டும். சிறுநீருக்கும் அதே மாதிரி கழுவித் தயாரித்த பிளாஸ்டிக் டப்பா.

இதில் நானே ஒரு தவறு செய்தேன். இத்தனை வருடம் மற்றவர்களிடம் கேட்டே பழகிய கேள்வியைத் தம்பியிடம் கேட்கவில்லை. அவன் வந்த மகிழ்ச்சியில் அம்மா தினமும் மீன். நாடுகாணி வழியாக கோழிக்கோட்டிலிருந்து ஏறிவரும் மீன், பைக்கில் பெட்டி கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு கீழே ரோட்டில் வரும். மத்தி, அயிலை, சனிக்கிழமை நண்டும் இறாலும். திங்கட்கிழமை சாம்பிள் எடுத்தேன். சிறுநீரில் மொத்த ஆர்சனிக் லிட்டருக்கு 214 மைக்ரோகிராம் என்று வந்தது. தம்பி முகம் வெளுத்துவிட்டது. எனக்கே ஒரு நிமிடம் கை நடுங்கியது. ஆர்சனிக் என்றால் பாஷாணம், நம் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறகுதான் நண்டு நினைவுக்கு வந்தது. கடல் உணவில், அதிலும் நண்டு, இறாலில், ஆர்சனிக் நிறைய உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஆர்சனோபீட்டைன் என்ற வடிவில், வந்த வழியே சிறுநீரில் போய்விடும், உடம்பைத் தொடாது. மொத்த ஆர்சனிக்கை அளக்கும் சோதனை நல்லதையும் கெட்டதையும் ஒன்றாகக் கூட்டிவிடும். ஐந்து நாளாவது கடல் உணவைத் தொடாமல் இருந்து எடுக்க வேண்டும், அப்போதும் அதிகம் இருந்தால் வகை பிரித்து அளக்கும் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அம்மாவிடம் மீன் வேண்டாம் என்று சொல்லி, அந்த வாரம் முழுக்க மொச்சையும் முட்டையுமாக ஓட்டினோம். மறுபடி எடுத்ததில் 11. அதே ஆள், அதே டப்பா, அதே லேப். அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த போதுதான் தம்பி அந்தப் பிளாஸ்டிக் உறைத் தாளைப் பற்றி முதல்முறையாகச் சந்தேகப்பட்டான் என்று நினைக்கிறேன். நான் சொன்ன தொட்டிக் கதையைவிட நண்டு அவனுக்கு நன்றாகப் புரியவைத்தது.

பாதரசத்துக்கும் இப்படி ஒரு விஷயம் இருக்கிறது. ரத்தத்தில் தெரியும் பாதரசம் பெரும்பாலும் மீன் வழியாக வருவது. சுறா, பெரிய சூரை, பெரிய நெய்மீன் மாதிரி மற்ற மீனைத் தின்று வளரும் மீனில் அதிகம், மத்தியில் ரொம்பக் குறைவு. சிறுநீரில் தெரிவது உலோகப் பாதரசத்தின் ஆவி, உப்பு இவற்றால் வருவது. எந்தப் பாதரசம் என்று தெரியாமல் எந்தச் சாம்பிளைக் கேட்பது? தம்பிக்கு இரண்டும் எல்லைக்குள்ளேயே இருந்தன. ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 1.9 மைக்ரோகிராம்.

அதிலும் ஒரு குழப்பம். பழைய அமெரிக்கத் தாள் ஒன்றில் ரத்த ஈயம் 21 என்று இருந்தது. "பாத்தியாக்கா, 21-ல இருந்து 1.9-க்கு எப்படி இறங்கும்?" என்றான். அது லிட்டருக்கு. இது டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு. 21 என்பதும் 2.1 என்பதும் ஒன்றே. சிறுநீர் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அது எதற்கென்றால், தண்ணீர் நிறையக் குடித்தவரின் சிறுநீர் நீர்த்துப்போய் எல்லாமே குறைவாகக் காட்டும், அதைச் சரிக்கட்ட. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இல்லாத நோயும் வரும், இருக்கிற நோயும் மறைந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க என்று அம்மாவுக்கும் எனக்கும் ரத்த ஈயம் எடுத்திருந்தேன். எனக்கு 2.8. அம்மாவுக்கு 6.3.

வீட்டில் யாருக்கு நோய் என்று இத்தனை பாடுபட்டோமோ அவனுக்குக் குறைவு, 67 வயதில் தலையில் விறகு கட்டித் தூக்கிவரும் அம்மாவுக்கு அதிகம். அது நல்ல செய்தி இல்லை. ஈயத்தில் 'இது வரை பரவாயில்லை' என்று ஒரு பாதுகாப்பான அளவே கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் கொடுத்த வழிகாட்டலின்படி 5-ம் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும். உலோகத்தை இழுக்கும் மருந்து அதற்கெல்லாம் இல்லை. குழந்தைகளுக்கே 45-ஐத் தொட்டால்தான் அந்தப் பேச்சு.

தேடினோம். மஞ்சள் எங்கள் கொல்லையில் விளைவது. குங்குமம் மாற்றினோம். பிறகு அம்மாவின் பித்தளைச் சட்டி. 1974-ல் கண்டியிலிருந்து தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து இந்த மலைக்கு வந்தபோது பாட்டி தூக்கிவந்த மூன்று பாத்திரங்களில் அது ஒன்று. புளிக்குழம்பு அதில்தான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா அதற்குச் சந்தையில் ஒருவரிடம் ஈயம் பூச்சுப் போட்டு வந்தார். ஈயம் என்று நாம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு உலோகம் இருக்கிறது. பூச்சுக்கு வேண்டியது வெள்ளீயம், அது நஞ்சில்லை. பாலக்காட்டு வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் வெள்ளீயத்தில் செய்வதுதான். காரீயம்தான் நஞ்சு. பூச்சில் விலை மலிவுக்காகக் காரீயம் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, புளி அதைக் கரைத்துவிடும். அந்தச் சட்டிதான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், பூச்சைச் சுரண்டிச் சோதிக்கவில்லை. அடுப்பிலிருந்து எடுத்து பரணில் வைத்தோம். அம்மா அதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலு மாதம் கழித்து அவர் ரத்த ஈயம் 4.4.

உலோகச் சோதனையே ஏமாற்று என்று யாரும் இதைப் படித்துவிட்டு நினைத்துவிடக் கூடாது. தேவாலா எங்களுக்குப் பக்கம். 1880 வாக்கில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கம் தோண்ட வந்து தோற்றுப்போன மலை. அந்தப் பழைய குழிகளில் இன்றும் ஆட்கள் இறங்குகிறார்கள். உடைத்த கல்மாவில் பாதரசம் ஊற்றிப் பிசைந்து, தங்கத்தைப் பிடித்த உருண்டையைச் சட்டியில் வைத்துக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் மிஞ்சும். அந்த ஆவியைச் சுவாசிக்கிறவர் யார்? காய்ச்சுகிறவரும் அந்த அறையில் தூங்கும் பிள்ளைகளும். சில வருடம் முன்னால் ஒருவர் வந்தார். கையெழுத்துப் போடும்போது பேனா தாளில் தந்தியடித்தது. ஈறு வீங்கியிருந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த சிறுநீர்ச் சோதனையில், எந்தத் தூண்டல் மருந்தும் இல்லாமலே, பாதரசம் எல்லையைப் பல மடங்கு தாண்டியிருந்தது. வேலை, அறிகுறி, எண் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின. அதேபோல் ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசம் உள்ள கல்), தாளகம் (ஆர்சனிக் உள்ள கல்) சேர்ந்த மருந்துகளை மாதக்கணக்கில் யார் மேற்பார்வையும் இல்லாமல் சாப்பிட்டவர்கள், பழைய பேட்டரி உடைக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் சோதனை அவசியம்.

உலோகத்தை இழுக்கும் ஈடிடிஏ என்ற இன்னொரு மருந்தை டிரிப்பாக 20 முறை ஏற்றிக்கொள்ள, தம்பி அந்த அமெரிக்க கிளினிக்கில் முன்பணம் கட்டியிருந்தான். மூன்று ஏற்றியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியவில்லை. இந்த மருந்துக்குக் கெட்ட உலோகம், நல்ல உலோகம் என்று தெரியாது, துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துவிடும். ஈடிடிஏவில் இரண்டு உப்பு உண்டு. கால்சியம் சேர்ந்தது ஒன்று, சோடியம் மட்டும் உள்ளது ஒன்று. இரண்டாவது ரத்தத்தின் கால்சியத்தையே பிடித்துவிடும். 2005-ல் பென்சில்வேனியாவில் ஆட்டிசத்துக்கென்று இதை ஏற்றிக்கொண்ட 5 வயதுப் பையன் இதயம் நின்று இறந்தான். மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த டிரிப்பைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. ரத்த ஈயம் பாதிக்கு மேல் குறைந்தது, இதயத்துக்குப் பலன் இல்லை. லைம் அசதிக்கு அது உதவும் என்று காட்டிய நல்ல ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை.

கோழிக்கோட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயதானவர், தமிழ் புரியும், பதில் மலையாளத்தில்தான். ஃபைல் முழுவதையும் புரட்டினார். உறைத் தாளை வெளியே எடுத்து, அடி வரியில் நகத்தால் ஒரு கோடு போட்டார். "இந்தப் பேப்பரை நான் நம்பவில்லை. உன் ஷீணத்தை நம்புகிறேன்" என்று அவர் பாஷையில் சொன்னார். அசதிக்கு அவர்கள் சொல்லும் சொல் அது, ஷீணம். தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூன்று வருடத்தில் இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே வாயிலிருந்து அவன் கேட்டதில்லை.

அவர் புதிதாக ஆன்டிபயாட்டிக் எதுவும் எழுதவில்லை. தைராய்டு, பி12, தூக்கம் எல்லாம் பார்த்தார். குறைவாக இருந்ததை மட்டும் சரிசெய்தார். முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே தினமும் செய், நல்ல நாளில் ஓடி அடுத்த மூன்று நாள் படுக்காதே என்று சொல்லி ஒரு நோட்டில் நடையைக் குறித்துவரச் சொன்னார். இது மாயம் எதுவும் செய்யவில்லை. ஒன்றேகால் வருடம் ஆகிவிட்டது. இப்போது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். சில வாரம் மறுபடியும் விழுந்துவிடுகிறான். அந்த வாரங்களில் பழைய தாளைத் தேடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அதை நான் ஒளித்துவைக்கவில்லை, ஃபைலில் மற்ற தாள்களோடு சேர்த்து வைத்திருக்கிறேன், உறை இல்லாமல்.

எங்கள் கூடத்தில் உலோகச் சோதனை கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது ஒரு தாள் தனியாக வைத்திருக்கிறேன். என்ன வேலை பார்க்கிறீர்கள், ஐந்து நாளாக என்ன சாப்பிட்டீர்கள், சித்த, ஆயுர்வேத மருந்து ஏதாவது உண்டா, சமீபத்தில் ஸ்கேனுக்கு ஊசி போட்டார்களா, சாம்பிளுக்கு முன் ஏதாவது மாத்திரை கொடுத்தார்களா. கடைசிக் கேள்வியைத் தம்பிதான் சேர்க்கச் சொன்னான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்கு கீழே ரோட்டில் மீன் ஹாரன் கேட்டது. அம்மா அடுக்களையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் எழுவதற்குள் தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். ஒரு கிலோ மத்தியோடு திரும்பி ஏறும்போது முப்பதாவது படியில் ஒருமுறையும் பலாமரத்துக்குக் கீழே ஒருமுறையும் நின்றான். நானும் அம்மாவும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் கூப்பிடவில்லை.